பைக் வாரண்டியை நீட்டிக்கலாமா?

கேள்வி: புது 125 சிசி பைக் வாங்கப்போகிறேன். கம்பெனியே 5 வருஷம் அல்லது 70,000 கி.மீ. வாரண்டி தருகிறது. மேற்கொண்டு பணம் கட்டி நீட்டிக்கச் சொல்கிறார் ஷோரூம்காரர். வேலைக்குப் போய்வர தினமும் 60 கி.மீ. ஓட்டுவேன். தேவையா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வருஷத்தை விடுங்கள், கிலோமீட்டரைப் பாருங்கள். 'எது முந்துகிறதோ அது' என்று பொடி எழுத்தில் இருக்கும். 300 நாள் ஓட்டினால் வருஷத்துக்கு 18,000 கி.மீ. உங்கள் 5 வருஷ வாரண்டிக்கு நாலு வயது நிரம்பாது. நீட்டிப்பில் கிலோமீட்டரும் கூடுகிறதா என்று கேளுங்கள். கூடினால் வாங்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து இன்ஜெக்டர், சென்சார், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு என்று வண்டிக்குள் விலை கூடின சாமான்கள்தான். தெருமுனை மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டிய காலம் போயிற்று. வாரம் ஒருமுறை சந்தைக்கு ஓட்டுகிறவருக்கு இது வேண்டாம். அந்தக் காசு ஆயில் மாற்ற ஆகும்.

வாரண்டி தருவது பைக் கம்பெனியா, ஷோரூமா என்றும் பாருங்கள். வாஷிங் மெஷினுக்குக் கடைக்காரரின் சொந்த வாரண்டியை வாங்கியவன் நான். மூன்றாம் வருஷம் மோட்டார் புகைந்ததும் கார்டோடு போனேன். கடை இருந்த இடத்தில் புரோட்டாக் கல் காய்ந்துகொண்டிருந்தது.

கேள்வி: செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்துவிட்டன. வாரண்டியில் மாற்ற மறுக்கிறார்கள். (தேனி)

பதில்: தேய்வதற்கென்றே இருக்கும் சாமானுக்கு வாரண்டி கிடையாது. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், ஏர் ஃபில்டர் எல்லாம் அந்தக் கணக்குதான்.

கேள்வி: வண்டி எடுத்து ஒரு மாதம் கழித்து பில்லைப் பார்த்தேன். நான் கேட்காத நீட்டிப்பு வாரண்டி அதில் இருக்கிறது. கேட்டால், 'எல்லாரும் எடுப்பதுதான் சார்' என்கிறார்கள். (கடலூர்)

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. 'ஆன்ரோடு' என்று ஒரே தொகையைச் சொல்லி, அதற்குள் எதை வேண்டுமானாலும் சொருகும் இந்த வித்தை எனக்குப் பல வருஷ எரிச்சல். நூறு ரூபாய்க் கத்தரிக்காயில் பேரம் பேசுகிற நாம், லட்ச ரூபாய் வண்டியில் மட்டும் சாவி கைக்கு வந்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போடுகிறோம், அவர்களுக்கும் அது தெரியும். புது வண்டிக்கு 5 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதைக்கூட அந்த ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. வாரண்டி நீட்டிப்பு கட்டாயமே இல்லை. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று நிர்ப்பந்திப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை (restrictive trade practice) என்றே சொல்கிறது. வாரண்டியை ரத்து செய்து பணத்தைத் திருப்பக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போக வேண்டும். விடாதீர்கள்.

கேள்வி: இரண்டு சர்வீஸ் மட்டும் விட்டுப்போயிற்று. வெளியில் வயரை வெட்டி எல்இடி விளக்கு மாட்டினேன். இசியு போய்விட்டது. நீட்டிப்பு வாரண்டி இருந்தும் மறுக்கிறார்கள். இது அநியாயம் இல்லையா? (வேலூர்)

பதில்: இல்லை. பணம் கட்டியதோடு உங்கள் வேலை முடிந்ததென்று நினைத்தீர்களா? சர்வீஸைத் தேதி தவறாமல், கம்பெனி அங்கீகரித்த இடத்தில் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அந்தத் தாளிலேயே இருந்திருக்கும். வயரை வெட்டியபோது வாரண்டியையும் வெட்டிவிட்டீர்கள்.

கேள்வி: வாரண்டி இன்னும் பாக்கி உள்ள பழைய பைக் ஒன்று வருகிறது. நம்பி வாங்கலாமா? (காரைக்குடி)

பதில்: விற்பவர் வாயை நம்ப வேண்டாம். சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள். சர்வீஸ் விட்டிருக்கிறதா, வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.