அந்தப் பதின்மூன்று பறவைகள்

வணக்கம் சார்,

என் மகள் கல்லூரியில் முதலாண்டு வணிகவியல் படிக்கிறாள். சுற்றுச்சூழல் அறிவியல் அவளுக்குக் கட்டாயப் பாடம். கருதுகோள், சோதனை, முடிவு என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். "இதெல்லாம் பரீட்சைக்குத்தானேம்மா, நிஜத்தில் யார் இப்படி யோசிக்கிறார்கள்?" என்கிறாள். போன வாரம் வீட்டில் பாறு கழுகு பற்றிப் பேச்சு வந்தது. என் சின்ன வயதில் செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் கூட்டமாக வந்து இறங்கும். "டவர் வந்தது, பாறு போச்சு" என்கிறார் என் அப்பா. மகளும் அதையே நம்புகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

க., சத்தியமங்கலம்

அன்புள்ள க.,

உங்கள் அப்பா கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். பாறு இருந்தது, போய்விட்டது. செல்போன் டவர் அப்போது இல்லை, பிறகு வந்துவிட்டது. இரண்டும் உண்மை. ஆனால் கேபிள் டி.வி.யும் மினி பஸ்ஸும்கூட ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் வந்தன. அவற்றின் மேல் யாரும் பழி போடவில்லை. ஆகவே மகளை ஒரு கேள்வி கேளுங்கள்: டவர்தான் காரணம் என்றால், டவர் இல்லாத இடத்தில் பாறு பிழைத்திருக்க வேண்டுமே, பிழைத்ததா?

ராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. 1980களில் அங்கே பாறுகளின் கூடுகளை எண்ணினார் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ். 350க்கு மேல் இருந்தன. 1996 வாக்கில் அதே ஆள் அதே இடத்தில் மறுபடி எண்ணியபோது பாதிகூட இல்லை. மரங்களில் பறவைகள் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன. இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கியதே 1995இல், அதுவும் பெரிய நகரங்களில். டவர் வருவதற்கு முன்பே பாறு சாகத் தொடங்கிவிட்டது. டவர் யூகம் அங்கேயே விழுந்துவிடுகிறது. அதற்கு ஆய்வகமே தேவைப்படவில்லை, ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு தேதிகளும் போதும்.

அப்புறம் எதனால் செத்தன? ஏதோ புதிய வைரஸ் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். பூச்சிமருந்து என்ற சந்தேகமும் இருந்தது. இரண்டுமே நியாயமான யூகங்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தார்கள். ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படலம். அது யூரிக் அமிலம். சிறுநீரகம் வேலை செய்யாமல் போனால்தான் அப்படிப் படியும். வைரஸ் தேடினார்கள், இல்லை. பூச்சிமருந்து, ஈயம் போன்ற உலோகங்கள், அவையும் இல்லை.

அப்போது அவர்கள் கேள்வியை மாற்றினார்கள். பாறு தின்பது பெரும்பாலும் செத்த மாடு, எருமை. அப்படியானால் அந்த மாட்டுக்குள் என்ன போனது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் போய் விசாரித்தார்கள்: புதிதாக விற்பனைக்கு வந்தது எது, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது, இறைச்சியோடு உள்ளே போனாலும் உடலில் சேரக்கூடியது எது? மூன்றுக்கும் பொருந்தி வந்தது ஒரே மருந்து, டைக்ளோஃபெனாக். காய்ச்சலுக்கும் மடிவீக்கத்துக்கும் மாட்டுக்குப் போடும் மலிவான வலி நிவாரணி.

இனி வருவதை மகள் நிதானமாகப் படிக்க வேண்டும். யூரிக் அமிலம் படிந்து செத்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள். இருபத்தைந்திலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. நானாக இருந்தால் அங்கேயே எழுந்து கத்தியிருப்பேன். அவர்கள் நிறுத்தவில்லை. வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளையும் சோதித்தார்கள். ஒன்றில்கூட மருந்து இல்லை. அந்தப் பதின்மூன்றிலும் மருந்து இருந்திருந்தால்? ஊரில் எல்லாப் பாறுகளின் உடம்பிலும் கொஞ்சம் மருந்து கிடக்கிறது, அதற்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று ஆகியிருக்கும். அத்தனை நாள் உழைப்பும் வீண். தங்கள் யூகத்தைக் கவிழ்க்கக்கூடிய இடத்தைத் தாங்களே தேடிப் போனார்கள். உங்கள் மகள் மனப்பாடம் செய்யும் 'சோதனை' என்ற சொல்லுக்குள் இருப்பது இதுதான். அதற்குப் பிறகும், கூண்டில் இருந்த பறவைகளுக்கு அந்த ஊசி போட்ட எருமை, ஆட்டின் இறைச்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பல அதே வெள்ளைப் படலத்தோடு செத்தன. 2004இல் முடிவை வெளியிட்டார்கள்.

"எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டார்கள்?" என்று மகள் கேட்பாள். கேட்க வேண்டும். நல்ல கேள்வி. நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றுக்கும் குறைவாகவே மருந்து இருந்தால்கூட இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நீங்களே பார்த்திருக்கிறீர்கள், ஒரு மாட்டின் மேல் எத்தனை பாறு உட்காரும் என்று. ஒரு பிணம் ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். பாறோ வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். போனதை ஈடுகட்ட அதனால் முடியாது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு என்ற இனம் 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. இதை எழுதும்போதும் எனக்கு மனது கனக்கிறது.

2006இல் இந்தியா கால்நடைகளுக்கு இந்த மருந்தைத் தடை செய்தது. அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். அசிக்ளோஃபெனாக் என்று இன்னொரு வலி நிவாரணி உண்டு. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். அதையும் கீட்டோபுரோஃபென் என்ற வலி நிவாரணியையும் 2023இல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் என்ற மாற்று வலி நிவாரணி பாறுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து அறிந்திருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்திலேயே மாயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் இன்னும் பாறு கூடு கட்டுகிறது. தமிழ்நாட்டில் மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தாக்கில்தான். மகளை ஒரு நாள் ஊரில் உள்ள கால்நடை மருந்துக் கடைகளுக்குப் போய், மாட்டின் வலிக்கு என்னென்ன ஊசி விற்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். போவதற்கு முன் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். தான் எதிர்பார்ப்பது என்ன என்பது முதல் வரி. எதைப் பார்த்தால் தன் எண்ணம் தப்பு என்று ஒத்துக்கொள்வாள் என்பது இரண்டாவது வரி. அந்த இரண்டாவது வரியைப் பேனாவில் எழுதட்டும், பென்சில் வேண்டாம். கடைகளில் என்ன பார்த்தாள் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போகட்டும், அந்தக் காலத்தில் எந்தெந்த ஊசி இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.