உரக்குழியில் மழைநீர், தொட்டியில் உப்பு: டெல்டா வீட்டுத் தோட்டம் – கேள்வி பதில்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து உரக்குழி நாறுகிறது, புழு நெளிகிறது. பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். சுண்ணாம்பு தூவி மூடிவிடலாமா? (கும்பகோணம்)

சுண்ணாம்பு வேண்டாம். கழிவில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) அது அம்மோனியாவாகக் கிளப்பிக் காற்றில் விட்டுவிடும். தப்பு குழியில்தான் இருக்கிறது. அடைமழையில் உங்கள் பக்கம் பல கொல்லைகளில் இரண்டடி தோண்டினாலே நீர் கசியும். அந்த மாதங்களில் குழி உரம் சரிப்படாது, தரைக்கு மேல் குவியல்தான்.

வாடையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அழுகிய முட்டை வாடை என்றால் நீர் கட்டிக் காற்று போகவில்லை. மூத்திர நெடி என்றால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, காய்ந்தது போதவில்லை.

குழியில் உள்ளதை அள்ளி ஒருநாள் வடியவிடுங்கள். மேடான இடத்தில் தென்னை மட்டை, முருங்கைக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அரையடி உயரத்துக்கு அடுக்குங்கள். அதன்மேல் ஒரு வாளி ஈரக்கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்த சருகு அல்லது நறுக்கிய வைக்கோல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். வைக்கோல் நான்கு விரல் நீளத்துக்கு மேல் இருக்க வேண்டாம். நீளமாகக் கிடந்தால் ஒட்டிப் படிந்து காற்றை அடைக்கும். இடையிடையே பழைய உரம் ஒரு கூடை. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடியாவது இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும். மேலே கீற்றோ தார்ப்பாயோ போட்டு, பக்கங்களைத் திறந்துவிடுங்கள்.

ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டிவந்தால் இரண்டரை, மூன்று மாதத்தில் மண்வாசம் வந்துவிடும். எலி வரும் கொல்லையானால் அடியில் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை விரித்துவிடுவது நல்லது.

புழுவைப் பொறுத்தவரை, பழுப்பாகத் தட்டையாகத் தடித்த தோலோடு இருந்தால் விட்டுவிடுங்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும் ஈயினம் அது. வளர்ந்த ஈ உணவுப் பண்டத்தை நாடி வராது. வெள்ளையாகச் சிறுத்திருந்தால் வீட்டு ஈ. கழிவைச் சருகால் மூடாமல் விட்டதன் பலன்.

கொல்லை முழுக்கக் களிமண். கோடையில் வெடிக்கிறது, மழையில் சேறு. ஆற்று மணல் கலந்தால் பொலபொலப்பாகுமா? (திருவாரூர்)

ஆகாது. களிமண்ணில் கொஞ்சமாக மணல் சேர்த்தால் காய்ந்தபின் இன்னும் இறுகும். பலன் தெரிய வேண்டுமானால் மண்ணில் பாதிக்குமேல் மணலாக இருக்க வேண்டும். மணல் விற்கிற விலைக்கு அது நடக்காது. மட்கு உரம்தான் வழி. பத்தடிக்குப் பத்தடி இடத்தில் இரண்டு அங்குலக் கனம் பரப்ப ஏறக்குறைய 17 கன அடி, சிமென்ட் சாக்கில் 14 சாக்கு பிடிக்கும். மேல் அரையடி மண்ணோடு கொத்திக் கலந்து, மூன்றரை அடி அகலம், ஓரடி உயரத்தில் மேட்டுப்பாத்தி எடுங்கள். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள்.

ஈரத்தில் கொத்தினால் கட்டி தட்டி அந்தப் பட்டமே வீணாகும். உருட்டிய மண்ணை இடுப்புயரத்திலிருந்து போட்டால் உடைய வேண்டும், அதுதான் பதம். பதரையும் உமியையும் மட்கவைக்காமல் நேரே கலக்க வேண்டாம். மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை அவை பிடித்துக்கொள்ள, செடி மஞ்சளாகும்.

போர் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. தொட்டிச் செடிகளின் இலை ஓரம் கருகுகிறது. உரம் கூட்டவா? (வேதாரண்யம்)

கூட்டினால் இன்னும் கருகும். உரத்திலும் உப்பு உண்டு. தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். தினமும் ஒரு குவளை ஊற்றும் பழக்கம்தான் கெடுக்கிறது: நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். மறுமுறை மேல்மண் காய்ந்தபின். இலைமேல் தெளிக்காதீர்கள். மண்மேல் இரண்டு அங்குலம் சருகு மூடாக்கு போட்டால் ஆவியாவது குறையும். மழைநீரைப் பிடித்து வைத்து விதைப்புக்கும் நாற்றுக்கும் மட்டும் செலவிடுங்கள். இளம்பருவத்தில்தான் உப்பு அதிகம் கொல்லும்.

தேங்காய் நார்க்கழிவு வாங்கினால் நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தபின் பயன்படுத்துங்கள். அதிலேயே உப்பு இருக்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் உப்பைத் தாங்கா. கொத்தவரை, பீட்ரூட் தாங்கும். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்து திறனை ஒருமுறை சோதித்துவிடுங்கள். நாகை மாவட்டத்தாருக்குச் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

தென்னைக்குக் கீழே உள்ள செடியெல்லாம் கரி பூசியதுபோல் கிடக்கிறது. என்ன மருந்து? (பட்டுக்கோட்டை)

நோய் செடியில் இல்லை, மேலே இருக்கிறது. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டுப் பரவிய சுருள் வெள்ளை ஈ, தென்னையோலையின் அடிப்புறம் சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற கழிவைச் சொட்டவிடும். அதில் வளர்வதுதான் கரும்பூசணம். லிட்டருக்கு 25 கிராம் மைதா என்று கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டித் தெளியுங்கள். காய்ந்து உரியும்போது கரியும் சேர்ந்து உதிரும். பூச்சிக்கொல்லி அடித்தால் இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து சாகும். மேலும், அந்த நிழலில் கத்தரி, வெண்டை காய்க்காது. புதினாவும் கற்பூரவல்லியும் வையுங்கள்.

வாய்க்காலில் மண்டும் வெங்காயத் தாமரையை உரமாக்கலாமா? (மன்னார்குடி)

தாராளமாக. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் நான்கைந்து நாள் வெயிலில் வாட்டி நறுக்கி, வைக்கோலும் சாணமும் கலந்து குவியுங்கள். பூப்பதற்குமுன் எடுத்தால் விதை பற்றிய கவலையில்லை. ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்ததைக் காய்கறிக்குப் போட வேண்டாம். உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி அது.

கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. மோர் ஊற்றியும் கேட்கவில்லை. (தஞ்சாவூர்)

இரும்புச்சத்துக் குறை. மோர் கெடுதலில்லை, ஆனால் இரும்பு அதில் கிடையாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), ஓர் எலுமிச்சைச் சாறு, மாலையில் இலைமேல் தெளிப்பு. இரண்டு வாரம் கழித்து மறுபடியும். அடுப்புச் சாம்பலை நிறுத்துங்கள், களர்த்தன்மை கூடும். அடி இலைகள் மஞ்சளானால் அது வேறு, தழைச்சத்து போதவில்லை, தொழுவுரம் வையுங்கள்.

ஆடிப்பட்டத்தில் எல்லாமே விதைக்கலாமா? (மயிலாடுதுறை)

வெண்டை, புடலை, பீர்க்கு, பாகல் விதைக்கலாம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கி மழைக்குமுன் பலன் தந்துவிடும். தக்காளியை அவசரப்பட்டு நட்டால் ஐப்பசி ஈரத்தில் அழுகும். கார்த்திகைக் கடைசியில் நாற்று விட்டு, தை பிறக்கும்போது நடுங்கள். கொத்தமல்லியும் அந்தக் குளிருக்குத்தான். விதையை இரண்டாக உடைத்து ஓர் இரவு ஊறவைத்துத் தூவுங்கள்.