வெப்பம், வெப்பநிலை, விரிவு: கேளுங்கள், சொல்கிறேன்

பாலிடெக்னிக் ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் 25 வருடம் இருந்தவன் நான். சூடானால் பொருளுக்கு என்ன ஆகிறது என்று என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். அறைக்கு எத்தனை டன் ஏசி வாங்கலாம் என்பதை மட்டும் ஏசி மாட்டுகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதானே சார்? பையனுக்குப் பாடம் சொல்லித் தரணும்.

பதில்: இல்லைங்க, இரண்டும் வேறு. கம்பி மத்தாப்பில் தெறிக்கிற பொறி ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடானது. அது புறங்கையில் விழுந்தால் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். 70 டிகிரி வெந்நீர் ஒரு சொம்பு விழுந்தால் தோல் வழன்றுவிடும். பொறியில் வெப்பநிலை அதிகம், ஆனால் இருக்கிற பொருள் ஒரு துணுக்கு, அதனால் கைக்குள் இறங்க அதனிடம் வெப்பம் கிடையாது. (எரிந்து முடிந்த கம்பி அப்படியில்லை, பையனைத் தொட விடாதீர்கள்.) துகள்கள் எவ்வளவு மும்முரமாக ஆடுகின்றன என்பதைச் சொல்வது வெப்பநிலை. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குக் கைமாறுகிற ஆற்றல் வெப்பம். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதைப் பிரித்துக் காட்டினார். ஐஸ்கட்டி உருகும்போது வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெப்பமானியோ 0 டிகிரியை விட்டு நகரமாட்டேன் என்கிறது. சமையலறை வெப்பமானி ஒன்று இருந்தால் பையனோடு சேர்ந்து பாருங்கள், கடைசித் துண்டு கரைகிற வரைக்கும் பொறுமையாக.

கேள்வி: எவர்சில்வர் டம்ளர் தொட்டால் சில்லென்று இருக்கிறது, பக்கத்தில் மரப்பலகை அப்படி இல்லை. டம்ளர் குளிர்ந்தா இருக்கிறது?

பதில்: இரண்டும் ஒரே வெப்பநிலைதான். உலோகம் உங்கள் விரலின் சூட்டைச் சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது, மரம் அப்படி இழுக்காது.

கேள்வி: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்குமாமே?

பதில்: பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும், அது சரி. ஆனால் பங்க்கில் பெட்ரோல் இருப்பது பூமிக்கடியில். அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பநிலை பெரிதாக மாறாது. 2 டிகிரி மாறியது என்றே வைத்துக்கொண்டாலும் 5 லிட்டருக்கு 10 மில்லி. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: முன்பெல்லாம் ரயிலில் தடக் தடக் என்று சத்தம் வரும், இணைப்பில் இடைவெளி விட்டிருப்பார்கள். இப்போது தண்டவாளத்தைப் பற்றவைத்து ஒரே நீளமாகப் போடுகிறார்கள். வெயிலில் அது எங்கே போய் விரியும்?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 12 மைக்ரோமீட்டர் நீளும். பழைய 13 மீட்டர் துண்டு 30 டிகிரி ஏறினால் 5 மில்லிமீட்டர் கூட இல்லை, அந்த இடைவெளிதான் உங்கள் தடக் தடக். பற்றவைத்த 1 கிலோமீட்டருக்கு அதே கணக்குப் போட்டால் 36 சென்டிமீட்டர் வருகிறது. அவ்வளவும் நீள வேண்டும், ஆனால் நீளவிடுவதில்லை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கான்கிரீட் சிலீப்பரும் கிளிப்பும் ஜல்லியும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. இரண்டு ஓரத்திலும் கொஞ்ச தூரம்தான் அசையும், நடுப்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். நீளமாக வரவேண்டியது உள்ளே அழுத்தமாக மாறிவிடுகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 30 டிகிரி ஏற்றத்துக்கு இந்த அழுத்தும் விசை சுமார் 55 டன். இரண்டு தண்டவாளம் இருப்பதால் அதைப்போல இரண்டு மடங்கு.

அதனால்தான் பூட்டும்போதே, அந்த ஊரில் தண்டவாளத்தின் சராசரி வெப்பநிலையைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில் இருக்கும்படி பார்த்துப் பூட்டுகிறார்கள். கோடையில் அழுத்தம் எல்லை மீறாது, குளிர்ந்த இரவில் இழுவிசையும் அளவோடு நிற்கும். உச்சி வெயிலில் தண்டவாளம் காற்றைவிட 15, 20 டிகிரி அதிகமாகச் சுடும். அந்த நேரத்தில் ஜல்லி தளர்ந்திருந்தால் தண்டவாளம் பாம்பு மாதிரி பக்கவாட்டில் நெளிந்துவிடும். கோடை மதியங்களில் ஆட்கள் பாதையோரம் நடந்தே பார்த்துக்கொண்டு போகிறார்களே, அது இதற்காகத்தான். ஒன்றை நினைவில் வையுங்கள்: விரிவு தானாக யாரையும் ஒன்றும் செய்யாது, அதைத் தடுக்கும்போதுதான் விசை பிறக்கிறது.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் ஏன் உடைந்தது?

பதில்: நான் சொன்ன தடுப்புதான். தண்ணீர் ஐஸ் ஆகும்போது 9 சதவீதம் பெருக்கும். மூடியை இறுக்கிய எதையும் உறைய வைக்காதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள்.

கேள்வி: சார், காலையில் பெட்ரோல் போட்டால்…

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: நடுவில் ஓட்டை உள்ள இரும்புத் தகட்டைச் சூடாக்கினால் ஓட்டை சின்னதாகும், சரிதானே? இரும்பு எல்லாப் பக்கமும் விரியும்போது உள்பக்கமும் விரியத்தானே செய்யும்.

பதில்: ஓட்டை பெரிதாகும். ஓட்டை இருக்கும் இடத்தில் அதே இரும்பில் ஒரு வட்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சூடானால் அந்த வட்டு பெரிதாகும், சுற்றியுள்ள தகடு அதற்கு இடம் கொடுத்தே விரியும். போட்டோவைப் பெரிதாக்கினால் முகத்தோடு சேர்ந்து கண்ணும் பெரிதாகிறது இல்லையா, அப்படி.

கேள்வி: ஒப்புக்கொள்ள முடியவில்லை. உளுந்து வடை தட்டி எண்ணெயில் போடுகிறேன், ஓட்டை சுருங்குவதைக் கண்ணால் பார்க்கிறேனே?

இன்னொருவர்: அவர் சொல்வதுதான் சரி, எங்கள் வீட்டிலும் சுருங்குகிறது.

பதில்: வடையில் ஓட்டை சுருங்குவது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வெப்ப விரிவு இல்லை. மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவை ஊதுகிறது, இளகிய மாவு காலியான பக்கம் தள்ளப்படுகிறது. இரும்பு இளகி வழிவதில்லை. அதன் ஒவ்வொரு பகுதியும் ஒரே விகிதத்தில் பெரிதாகிறது.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைச் சின்ன வயதில் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். குடம் (நடுக்கட்டை), ஆரக்கால், வட்டை (விளிம்பு மரத்துண்டுகள்) எல்லாம் சேர்த்த மரச்சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்திருப்பார்கள். இரும்புப் பட்டாவை வேண்டுமென்றே சக்கரத்தைவிடச் சில மில்லிமீட்டர் சின்னதாக அடித்திருப்பார்கள், பச்சையாக வைத்தால் ஏறவே ஏறாது. அதைச் சுற்றி வறட்டி அடுக்கித் தீ மூட்டி, மங்கலாகச் சிவந்ததும் மூன்று பேர் நீளக் குறடால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். உடனே குடம் குடமாகத் தண்ணீர். மரம் கருகிப் புகையும், வட்டைத் துண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிறீச்சிடும். கணக்கும் பொருந்துகிறது: 1.2 மீட்டர் விட்டமுள்ள பட்டா 500 டிகிரி ஏறினால் விட்டம் 7 மில்லிமீட்டர் கூடும். ஓட்டை சுருங்கும் என்றால் சூடாக்கிய பட்டா இன்னும் இறுகியிருக்க வேண்டும், ஒரு வண்டியும் ஓடியிருக்காது.

கேள்வி: பட்டா மெல்லிய வளையம், அது சரி. கனத்த தகடு வேறு மாதிரி நடக்குமே?

பதில்: கனம் ஒரு பொருட்டே இல்லை, தகடு முழுக்க ஒரே சூடாக இருந்தால் போதும். ஓட்டையைச் சுற்றி மட்டும் சூடாக்கினால் வெளியே உள்ள குளிர்ந்த இரும்பு அதை விரியவிடாமல் நெருக்கும், அப்போது கணக்கு மாறும். அங்கேயும் தடுப்புதான் வேலை செய்கிறது.

கேள்வி: டீ ஊற்றினால் தடித்த கண்ணாடி டம்ளர் விரிசல் விடுகிறது, மெல்லியது தாங்குகிறது. ஏன்?

பதில்: தடித்ததில் உள்பக்கம் சூடாகி விரியும்போது வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும், அந்த இழுப்பில் கீறிவிடும். போரோசிலிகேட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது, அதனால் தாங்கும்.

கேள்வி: பெட்ரோல் டேங்க் நிரப்பினால் வெயிலில் வெடிக்குமா? அப்புறம், காலையில் போட்டால் லாபமா?

பதில்: வெடிக்காது. ஆனால் கழுத்து வரை நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், 15 லிட்டர் 17 டிகிரி ஏறினால் கால் லிட்டர் அளவுக்குப் பெருக்கும், வழிய இடம் தேடும். இரண்டாவது கேள்விக்கு இனிமேல் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: கார் சூடாகி ஆவி வருகிறது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது! உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் இருக்கலாம். மூடி கழன்றதும் கொதித்து முகத்தில் அடிக்கும். எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். மூடி இறுகிய சூடான எதையும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்.

கேள்வி (வடைக்காரர்): சைக்கிளில் துருப்பிடித்த நட் ஒன்று ஒரு மாதமாகக் கழலவில்லை. நட்டை மட்டும் சூடாக்கிப் பார்த்தேன், கழன்றுவிட்டது. ஓட்டை பெரிதாகத்தான் ஆகிறது, ஒப்புக்கொள்கிறேன். போல்ட்டையும் சேர்த்துச் சூடாக்கியிருந்தால்?

பதில்: ரொம்ப சந்தோஷம். இரண்டும் ஒரே எஃகு, ஒரே சூடு என்றால் ஒரே அளவில் விரியும், இடைவெளி கிடைக்காது. அதனால் சூட்டை நட்டிலேயே வையுங்கள், போல்ட்டுக்கு அது இறங்குவதற்குள் ஸ்பானரைப் போட்டுவிடுங்கள். டயரும் கிரீஸும் பக்கத்தில் இருக்கும், ஈரத் துணி சுற்றிவிட்டுச் செய்யுங்கள்.