பெரிய கால்பந்து ஆட்டம் பார்க்கும்போது என்ன சாப்பிடலாம்? பாண்டி, கடலூர் பக்கத்துக்கு ஏற்ற பதில்

கேள்வி: உலகக் கோப்பை இறுதி மாதிரி ஒரு பெரிய கால்பந்து ஆட்டத்தை வீட்டில் பத்துப் பேர் சேர்ந்து பார்க்கப் போகிறோம். பாண்டிச்சேரி, கடலூரில் கிடைப்பதை வைத்து என்ன செய்து வைக்கலாம்?

பதில்:

என்ன சமைப்பது என்று யோசிப்பதற்கு முன் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். 2018, 2022 இறுதி ஆட்டங்கள் நம் நேரப்படி இரவு 8:30க்குத் தொடங்கின. 2014 இறுதி ஆட்டம் நள்ளிரவு தாண்டி 12:30க்கு. 2026 இறுதி ஆட்டத்தின் நேரமும் அதேதான், ஜூலை 20 பிறந்து அரை மணி நேரம் கழித்து. 8:30 ஆட்டம் என்றால் நீங்கள் வைப்பதுதான் எல்லாருக்கும் ராத்திரிச் சாப்பாடு, அளவு தாராளமாக வேண்டும். 12:30 ஆட்டத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள், கீழே சொல்லும் அளவில் பாதி போதும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் செய்தால் ஒன்று மிஞ்சும், இல்லாவிட்டால் பத்து மணிக்கு யாராவது பரோட்டா வாங்க வண்டியை எடுப்பார்கள்.

அடுத்து ஆட்டத்தின் போக்கு. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் மூச்சு விடலாம். கால்பந்தில் 45 நிமிடம் கண்ணை எடுக்க முடியாது, நடுவில் 15 நிமிட இடைவேளை, பிறகு மறுபடி 45. ஆகவே தட்டைப் பார்க்காமல் ஒரு கையால் எடுத்து வாயில் போடக்கூடிய பண்டம்தான் சரி. முள், எலும்பு, குழம்பு எதுவும் வேண்டாம். ஆறினாலும் ருசி கெடாததாக இருக்க வேண்டும். சூடாகத் தின்றால்தான் ருசி என்கிற பண்டம் ஒன்றே ஒன்று போதும், அதை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு எலும்பு கடிக்கிறவர் கோலைத் தவறவிடுவது நிச்சயம்.

இடைவேளைப் பண்டமாக என் முதல் தேர்வு நெத்திலி வறுவல். இந்தக் கரையில் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. முள்ளோடு தின்னலாம், விரல் நீளம்தான், கடித்தால் நொறுங்கும். பத்துப் பேருக்கு ஒன்றரை கிலோ வாங்குங்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்திலோ பாண்டி பெரிய மார்க்கெட்டிலோ காலையிலேயே வாங்கிவிடுவது நல்லது. வயிறு வெடிக்காமல், பக்கவாட்டு வெள்ளிக் கோடு மங்காமல் இருப்பதைப் பொறுக்குங்கள். வயிறு வெடித்த மீன் எண்ணெயில் கரைந்து கசக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஜூனில் தொடங்கும் உலகக் கோப்பையின் முதல் சில நாட்கள் அதற்குள் விழலாம். அப்போது ஃபைபர் படகில் வருவதுதான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். அந்த நாட்களில் கோழியை வைத்துச் சமாளித்துவிட்டு, மீனை அடுத்த சுற்றுக்கு ஒதுக்கலாம்.

தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும். கல்லுப்பு போட்டு இரண்டு முறை அலசி, வடிதட்டில் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். நெத்திலி வறுவல் கெடுவதற்கு முக்கால் காரணம் இந்த ஈரம்தான். ஈரம் இருந்தால் மசாலா உரிந்து எண்ணெயில் மிதக்கும், மீன் ஒன்றோடொன்று ஒட்டும், எண்ணெய் முகத்தில் தெறிக்கும். ஒன்றரை கிலோவுக்கு மிளகாய்த் தூள் நான்கு தேக்கரண்டி, மஞ்சள் தூள் முக்கால், மிளகுத் தூள் ஒன்றரை, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் சாறு. இதைப் பிசறி ஒரு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உப்பையும் மாவையும் அப்போது போடக் கூடாது. உப்பு மீனிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீரில் மாவு கூழாகிவிடும். எண்ணெய் காயும்போதுதான் உப்பு, நான்கு மேசைக்கரண்டி அரிசி மாவு, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவு சேர்த்துப் பிரட்ட வேண்டும்.

பதினைந்து நிமிடத்தில் ஒன்றரை கிலோ பச்சை மீனைப் பொரித்து முடிக்க முடியாது. அதனால் இரண்டு தடவையாகப் பொரியுங்கள். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், முக்கால் லிட்டர் கடலை எண்ணெயில் கால் கிலோ கால் கிலோவாகப் போட்டு, இரண்டு நிமிடம் வெளிர் நிறத்தில் எடுத்துவிடுங்கள். அகலத் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். குவித்தாலோ மூடினாலோ ஆவியிலேயே நமுத்துவிடும். இடைவேளையில் எண்ணெயை நன்றாகச் சூடாக்கி இரண்டாம் முறை ஒரு நிமிடம் போட்டால் போதும். முதல் பொரிப்பிலேயே உள் ஈரம் போய்விட்டதால் இந்தத் தடவை எண்ணெயின் சூடு அவ்வளவாக இறங்காது, ஒரே ஈட்டில் அரை கிலோ வரை போடலாம். ஏழெட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கடைசி ஈட்டோடு இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, தட்டிய பூண்டு பத்துப் பல். எலுமிச்சையை மேலே பிழியாமல் துண்டாகப் பக்கத்தில் வையுங்கள். பிழிந்த ஐந்தாவது நிமிடமே மொறுமொறுப்பு போய்விடும்.

எண்ணெயை 40ஆவது நிமிடத்தில் மிதமான தீயில் ஏற்றினால் இடைவேளை விசிலுக்குத் தயாராகிவிடும். ஆனால் அடுப்பு எரியும்போது அங்கே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். கோல் சத்தம் கேட்டுக் கூடத்துக்கு ஓடுவது மனித இயல்பு, காய்கிற எண்ணெய் அதற்காகக் காத்திருக்காது. நிற்கிறவர் கைபேசியில் ஆட்டத்தைப் பார்க்கலாம், இணையத்தில் வருவது பெரும்பாலும் டிவியைவிடச் சில நொடிகள் பிந்தும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாண்டியில் இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வாய்ப்பு நெம். இந்தோசீனாவுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் வழியாக இந்த ஊருக்கு வந்த வியட்நாம் பண்டம் இது. கையில் பிடிக்க வாகான உருளை என்பதால் ஆட்டம் பார்க்கும்போது சாப்பிட இதற்கு ஈடு குறைவு. இருபது நெம்முக்கு 22 சென்டிமீட்டர் ரைஸ் பேப்பர் (அரிசி மாவில் செய்த மெல்லிய வட்டத் தாள்) இருபது, தோல் நீக்கிப் பொடியாகக் கொத்திய இறால் கால் கிலோ, கோழிக் கொத்துக்கறி கால் கிலோ, கண்ணாடி நூடுல்ஸ் 50 கிராம், துருவிய கேரட் ஒன்று, பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, முட்டை ஒன்று, மிளகுத் தூள் ஒரு தேக்கரண்டி, மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டி. நூடுல்ஸைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். கேரட்டையும் வெங்காயத்தையும் கையால் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட வேண்டும். பூரணம் தளர்ந்தால் நெம் எண்ணெயில் வாய் பிளக்கும்.

தாளைத் தண்ணீரில் இரண்டு மூன்று நொடிதான் முக்க வேண்டும். கையில் எடுக்கும்போது கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பரவாயில்லை, பலகையில் போட்டதும் தானே இளகும். முழுக்க இளகும்வரை ஊறவிட்டால் சுருட்டும்போது கிழியும். பூரணத்தை இருபது சம பங்காக்கி, ஒரு நெம்முக்கு ஒரு பங்கு வையுங்கள். காற்று இல்லாமல் சுருட்டுங்கள், ஆனால் இறுக்க வேண்டாம், நூடுல்ஸ் உள்ளே உப்பும். சுருட்டியதை ஒன்றையொன்று தொடாமல் தட்டில் அடுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்தால் தோல் கொஞ்சம் காய்ந்து எண்ணெயில் ஒட்டாமல் வரும். இதையும் இரண்டு தடவைதான் பொரிக்க வேண்டும்: முதலில் மிதமான சூட்டில் எட்டு நிமிடம், இடைவேளையில் நல்ல சூட்டில் இரண்டு நிமிடம். ஒரு ஈட்டுக்கு ஐந்தாறுக்கு மேல் போடாதீர்கள். தொட்டுக்கொள்ள மீன் சாஸ், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு தலா இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் ஆறு, நசுக்கிய பூண்டும் பச்சை மிளகாயும். வழக்கமாக லெட்டூஸ் இலையும் புதினாவும் சுற்றித்தான் தின்பார்கள். அதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் இலையை முன்பே சுற்றித் துடைப்புத்தாளில் பிடித்துக் கொடுத்துவிடுங்கள்.

நெத்திலியையும் நெம்மையும் ஒரே இடைவேளையில் வைக்காதீர்கள். இரண்டு அடுப்பு, இரண்டு ஆள் இருந்தால் தவிர அது நடக்காது. ஒரே எண்ணெய்தான் என்றால் நெம் முதலில். நெத்திலி பொரித்த எண்ணெயில் நெம் போட்டால் அதன் மணமே மாறிவிடும்.

ஆட்டம் ஓடும்போது கொறிக்கப் பண்ருட்டி முந்திரியில் பக்கோடா போடுங்கள். காலையிலேயே செய்து வைக்கலாம். கால் கிலோ முந்திரிக்குக் கடலை மாவு அரைக் கப், அரிசி மாவு கால் கப், மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி, தட்டிய சோம்பு அரைத் தேக்கரண்டி, உப்பு, சூடான எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தண்ணீரைத் தெளித்துத்தான் பிசற வேண்டும். மாவு பருப்பைப் பூசினாற்போல இருக்கட்டும், சொட்டினால் அதிகம். முந்திரி சீக்கிரம் கருகும் என்பதால் மிதமான தீ. எண்ணெயில் பொன்னிறம் வரும்வரை காத்திருந்தால் வெளியே எடுத்த பிறகு கறுத்துவிடும், ஒரு படி முன்னாலேயே எடுங்கள். முழுக்க ஆறியபின் டப்பாவில் மூடுங்கள். கடற்கரைக் காற்றில் திறந்து வைத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, எனவே சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவதுதான் வழி.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கோடா வயிற்றை நிரப்பாது, அவர்களுக்குத் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். அரை கிலோ காய்ந்த பட்டாணியை எட்டு மணி நேரம் ஊறவைத்து உப்புப் போட்டு இரண்டு விசில். சோடா உப்பு வேண்டவே வேண்டாம், குழைந்து மாவாகிவிடும். தாளித்து வைத்துவிட்டு, தேங்காயையும் மாங்காயையும் பரிமாறும்போது மட்டும் கலக்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தேங்காய் கலந்த சுண்டல் சீக்கிரம் ஊசிப்போகும். 2022 மாதிரி டிசம்பரில் ஆட்டம் வந்தால் மாங்காய்க்குப் பதில் எலுமிச்சை. கிண்ணத்தை விட டம்ளரில் கரண்டி போட்டுக் கொடுத்தால் சிந்தாது.

8:30 ஆட்டத்துக்கு வயிறு நிறைய வேண்டும் என்றால் பாண்டி பேக்கரிகளின் பாகெட், அதாவது நீளமான பிரெஞ்சு ரொட்டி, இருக்கிறது. சாயங்காலம் சுட்டதை வாங்குங்கள், காலையில் சுட்டது இரவுக்குள் தோல் மாதிரி இழுக்கும். உள்ளே வைப்பது தண்ணீர் வற்றிய கோழிச் சுக்காவாக இருக்க வேண்டும், எலும்பில்லாத கறி ஒரு கிலோ நான்கு ரொட்டிக்கு வரும். ரொட்டியின் உள்பக்கம் வெண்ணெய் தடவினால் மசாலா ஊறி அடி நனையாது. ஒரு ரொட்டியை ஐந்தாக வெட்டித் துடைப்புத்தாளில் சுற்றி வையுங்கள்.

நள்ளிரவு ஆட்டத்துக்கு ரொட்டியும் சுக்காவும் கனம். அதற்குச் சின்ன இட்லியில் பொடி இட்லி சிறந்தது. வெதுவெதுப்பாக ஆறிய பிறகு, எட்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் குழைத்த எட்டு மேசைக்கரண்டி இட்லிப் பொடியில் நூறு இட்லியைப் பிரட்டுங்கள். சூட்டோடு பிரட்டினால் ஆவி பட்டுப் பொடி சகதியாகும். பல்குத்தும் குச்சி செருகிவிட்டால் கையில் எண்ணெயே படாது. குடிக்க நன்னாரி சர்பத்தோ பன்னீர் சோடாவோ போதும். இரண்டு மணி தாண்டினால் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி.

பொரித்ததைச் செய்தித்தாளில் கொட்டாதீர்கள், மை எண்ணெயில் இளகி உணவில் ஏறும். வாழை இலையோ மந்தார இலையோ போதும்.

கூடுதல் நேரத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். பாண்டியில் பலர் ஆதரிக்கும் பிரான்ஸ் ஆடிய 2006, 2022 இறுதி ஆட்டங்கள் இரண்டுமே 30 நிமிடக் கூடுதல் நேரம் முடிந்து பெனால்டி வரை போயின. அந்த நேரத்தில் அடுப்படிப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். ஒரு கிலோ பச்சை வேர்க்கடலையைத் தோலோடு, மூன்று மேசைக்கரண்டி கல்லுப்புப் போட்டு நான்கு விசில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே அரை மணி நேரம் ஊறவையுங்கள். உடனே வடித்தால் உப்பு ஓட்டோடு நின்றுவிடும், பருப்பில் ஏறாது. உரிக்க இரண்டு கையும் வேண்டியிருக்கும். பெனால்டி நேரத்தில் அது நல்லதுதான், கைக்கு ஒரு வேலை தேவைப்படும். தோல் போடத் தனியாக ஒரு பாத்திரம் வைத்துவிடுங்கள்.