அமரும் இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. பெரிய கேள்வி ஒன்றும் இல்லை, ஆனால் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

சமீபத்தில் சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம். நான் எந்த மதத்தின் சடங்குகளையும் முறையாகக் கடைப்பிடிப்பவள் அல்ல. ஆனால் நம்மை மீறிய ஏதோ ஒன்று இருக்கிறது என்ற உணர்வு சின்ன வயதிலிருந்தே உண்டு. அது என் வீட்டிலும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஹாலில் ஒரு மூலையை ஒதுக்கி, புத்தர் தலைச் சிலை, மண்டலம் என்ற பௌத்தக் கோலம் அச்சிட்ட பெரிய துணி, வெண்கலக் கிண்ணம், வாசனை மெழுகுவத்திகள், தரையில் மெத்தை என்று எல்லாம் வாங்கி வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நான் அங்கே உட்கார்வதே இல்லை. உட்கார்ந்தால் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. விடிகாலையில், எல்லோரும் எழுந்திருக்கும் முன், வாஷிங் மெஷின் இருக்கிற இடுக்கில் போய் நின்றுகொள்கிறேன். அங்கே கிழக்குப் பார்த்து ஒரு ஜன்னல் இருக்கிறது. அங்கேதான் மனம் அடங்குகிறது.

புத்தர் தலையை அலங்காரத்துக்கு வைப்பது தவறு என்று தோழி ஒருத்தி சொன்னாள். என் கணவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. செடிகள் என்றால் உயிர். “ஹாலில் இவ்வளவு எதற்கு?” என்கிறார். நான் செய்தது எல்லாமே வேஷம்தானா? ஆன்மிகத்தை வீட்டு அலங்காரத்தில் கொண்டுவர முடியுமா?

அன்புடன்,
வி.

அன்புள்ள வி,

வேஷமெல்லாம் இல்லை. உள்ளே உணர்வதை வீட்டுச் சுவரில் ஒரு வடிவமாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்துபோன பொம்பெய் நகரத்தைத் தோண்டியபோது, அங்கிருந்த வீடுகளில் சின்னச் சின்ன மாடங்கள் கிடைத்தன. வீட்டைக் காக்கும் தெய்வங்களுக்கானவை அவை. வசதியான வீடுகளில் அவை வண்ணம் தீட்டி, தூண் வைத்து, சின்னக் கோயில் மாதிரியே இருக்கும். பல வீடுகளில் அடுப்பங்கரைச் சுவரில், கரி படியும் இடத்தில், ஓர் எளிய ஓவியத்தோடு சரி. அந்த அடுப்பங்கரைத் தெய்வங்களை நினைத்துக்கொண்டால் வாஷிங் மெஷின் இடுக்குக்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஜன்னல்தான். நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் அங்கே இருக்கிறது. ஹால் மூலையில் முதலில் பொருட்கள் வந்தன. அவற்றுக்கு முன்னால் என்ன செய்வது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஜன்னலிடம் நடந்தது வேறு. முதலில் நீங்கள் தினமும் போய் நின்றீர்கள். நின்று நின்று அது ஓர் இடமாக ஆனது. வீட்டில் ஆன்மிகம் என்று நான் நம்புவது இந்த வரிசையைத்தான். முதலில் உடம்பு ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும். அப்புறம் இடம் அமையும். பொருள் கடைசியில் வரட்டும், வராமலும் போகட்டும்.

பல சமூகங்கள் தங்கள் வீடுகளை அமைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. யூதர்களின் வீட்டு நிலைக்காலில் ‘மெசூசா’ என்ற சிறிய உறை பதித்திருக்கும். உள்ளே ஒரு தோல்சுருளில் வேத வரிகள் கையால் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்து வெளியே தெரியாது. பலர் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அதை விரலால் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றிக்கொள்வார்கள். அலங்காரம் என்று பார்த்தால் விரல் நீளத்தில் ஓர் உறை, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குள் நுழைவது என்கிற சாதாரணக் காரியம் அதனால் ஒரு கணம் நின்று நடக்கிறது.

ரஷ்யாவின் பழைய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு மூலையில், தலைக்கு மேல் உயரத்தில், புனிதர்களின் படங்கள் இருக்கும். வீட்டுக்கு வருகிற விருந்தாளி முதலில் அந்த மூலையைப் பார்த்துச் சிலுவைக் குறி இட்டு வணங்குவார். பிறகுதான் வீட்டுக்காரருக்கு வணக்கம். ரஷ்ய ஓவியர் காசிமிர் மாலேவிச் 1915-இல் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நடந்த கண்காட்சியில் தன்னுடைய கறுப்புச் சதுர ஓவியத்தைச் சுவரின் நடுவில் மாட்டவில்லை. சரியாக அந்த மூலையில், அந்த உயரத்தில் மாட்டினார். பல தலைமுறையாக மக்கள் தலை வணங்கிய மூலை அது. ஒரு வெறும் சதுரத்துக்கு அவ்வளவு கனம் வந்ததில் பாதி அந்த மூலை கொடுத்தது என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியத் தேநீர் அறையின் வாசல். சென் நோ ரிக்யூ (1522–1591) என்ற தேநீர் ஆசான் அமைத்ததாகச் சொல்லப்படும் ‘தை-ஆன்’ என்ற அறை கியோட்டோவுக்கு அருகே யாமசாகியில் இன்றும் இருக்கிறது. இரண்டு பாய் விரிக்கிற அளவுதான் அந்த அறை. அதன் வாசல் மூன்றடி உயரம்கூட இருக்காது. குனிந்தால் போதாது, கைகளை ஊன்றித் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். பெரிய படைத்தலைவனும் வாளை வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய முடியும். பணிவைப் பற்றி அங்கே எந்தச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டியதில்லை. வாசலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வீட்டை அமைப்பது ஆன்மிகக் காரியமாக ஆகிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது உங்கள் ஹால் மூலையைப் பாருங்கள். அது பார்வைக்காக அமைந்த இடம். வாசலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற கோணத்தில்தான் அதை வைத்திருப்பீர்கள். உட்கார்ந்தால் யாரோ பார்ப்பது போல இருக்கிறது என்று சொன்னீர்களே, அது பிரமை இல்லை. அந்த மூலைக்குள் உட்காருகிறவர் அந்தக் காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறார். அதோடு, மாறாமல் ஒரே இடத்தில் இருக்கும் எதையும் கண் சீக்கிரமே பார்ப்பதை விட்டுவிடும். கொஞ்ச நாள் போனால் அந்தச் சிலை விருந்தாளிகளின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜன்னலுக்கு வருவோம். அங்கே எதையும் கொண்டுபோய் அடுக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். காலை வெளிச்சம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ததாவோ ஆண்டோ என்ற கட்டடக் கலைஞர் 1989-இல் ஒசாகா மாகாணத்தில் இபாராகி என்ற ஊரில் ஒரு சிறிய தேவாலயம் கட்டினார். பணம் குறைவு. தரைக்கும் பெஞ்சுகளுக்கும் சாரம் கட்டும் பலகைகளையே பயன்படுத்தினார்கள். பீடத்துக்குப் பின்னால் கான்கிரீட் சுவரில் சிலுவை வடிவத்தில் ஒரு கீறல். வெளியே இருக்கிற வெளிச்சம் அந்தக் கீறல் வழியாக வந்து, இருட்டுக்குள் சிலுவையாக நிற்கிறது. மரத்திலோ உலோகத்திலோ சிலுவை செய்து மாட்டியிருந்தால் அது இன்னொரு தேவாலயமாகத்தான் இருந்திருக்கும்.

உங்கள் நம்பிக்கைக்குப் பெயரோ உருவமோ இல்லை என்பதை ஒரு குறை போலவே எழுதியிருக்கிறீர்கள். சாஞ்சி ஸ்தூபியின் தோரண வாயில்களை ஒருமுறை பாருங்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் செதுக்கியவை. புத்தரின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் அதில் வரிசையாக இருக்கின்றன. யானைகள், குதிரைகள், மரங்கள், கைகூப்பி நிற்கும் ஜனக்கூட்டம் எல்லாம் உண்டு. புத்தர் மட்டும் மனித உருவில் இல்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போதி மரம், ஒரு சக்கரம், ஒரு ஜோடிப் பாதச் சுவடு, அல்லது யாருமே உட்காராத ஓர் ஆசனம். கூட்டம் முழுக்க அந்தக் காலி ஆசனத்தைப் பார்த்துக் கும்பிடுகிறது. உருவம் வைக்காமல் விட்டதனால் அந்தச் சிற்பிகளின் பக்தி குறைந்துவிட்டதா என்ன? எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

ஆகவே ஜன்னலோரத்தில் ஒரு சின்னப் பலகை அடித்து, அதைக் காலியாகவே விட்டுவைக்கலாம். அல்லது ஒரே ஒரு பொருள். அதுவும் நீங்கள் தினமும் கையால் தொட்டு ஏதாவது செய்ய வேண்டிய பொருளாக இருக்கட்டும். தண்ணீர் மாற்ற வேண்டிய ஒரு கிண்ணம், ஏற்றி அணைக்கிற ஒரு விளக்கு, அன்றைக்குக் கண்ணில் பட்ட ஓர் இலை. ஜப்பானிய வீட்டு மாடத்தில் ஓர் ஓவியச் சுருளும் கொஞ்சம் பூவும் மட்டும் வைத்து, பருவத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மீதிச் சுருள்கள் பெட்டிக்குள் இருக்கும். அப்படி மாற்றும்போது நம் கண்ணும் பார்க்காமல் இருக்காது.

புத்தர் தலை விஷயத்தில் உங்கள் தோழி பக்கம்தான் நான். வீட்டில் புத்தரை வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. தலை மட்டும் என்பதுதான் உறுத்துகிறது. 9-ஆம் நூற்றாண்டில் ஜாவாவில் எழுந்த போரோபுதூர் என்ற பௌத்தக் கோயிலில் 504 புத்தர் சிலைகள் இருந்தன. இன்று 300-க்கும் மேற்பட்டவை சேதமடைந்தவை, அதிலும் பெரும்பாலானவை தலையற்றவை. சீனாவின் லொங்மென் குகைகளில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏராளமான தலைகளைச் செதுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். முழுச் சிலையைப் பெயர்ப்பது கஷ்டம், தலையை வெட்டி எடுப்பது சுலபம். அவை அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களின் வரவேற்பறைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. தனித் தலை ஓர் அழகுப் பொருளாக ஆனதில் இந்தக் கொள்ளைக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் வாங்கியது அச்சில் வார்த்த நகல்தான், உங்கள் மேல் எந்தப் பழியும் இல்லை. ஆனாலும் இது தெரிந்த பிறகு என்னால் அதை என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பாங்காக்கில் பெரிய விளம்பரப் பலகைகளே வைத்திருக்கிறார்கள், புத்தர் அலங்காரத்துக்கு இல்லை என்று. வணங்குகிறவர்கள் அப்படிக் கேட்டுக்கொள்ளும்போது நாம் கேட்டு நடப்பதுதான் மரியாதை.

மண்டலத் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திபெத்திய பிக்குகள் வண்ண மணலில் மண்டலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பல நாட்கள், குனிந்த முதுகோடு, உலோகக் குழாயை லேசாக உரசி உரசி மணலைச் சிந்துவார்கள். முடிந்ததும் சடங்கு செய்து கலைத்து, மணலைக் கூட்டி அள்ளி ஓடும் நீரில் கரைத்துவிடுவார்கள். அது செய்யப்படுவதும் கலைக்கப்படுவதும்தான் அங்கே வழிபாடு. துணியில் அச்சடித்தால் கோலம் மட்டும் மிஞ்சுகிறது. நிறங்கள் பிடித்திருந்தால் படுக்கையறையில் மாட்டிக்கொள்ளுங்கள், அழகான துணி என்ற அளவில். அதில் ஒரு குற்றமும் இல்லை.

வீட்டின் மற்ற பகுதிகளில் ஆன்மிகத்தைத் தனியாகக் காட்ட வேண்டாம் என்பேன். 1774-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் வெறும் ஒப்பனைக்கான வேலைப்பாடுகளை மரச்சாமான்களில் செய்யக் கூடாது என்று விதியே வைத்திருந்தார்கள். அறையைச் சுற்றிச் சுவரில் மர முளைகள் வரிசையாக இருக்கும். தரையைப் பெருக்கும்போது நாற்காலிகளைத் தூக்கி அதில் மாட்டிவிடுவார்கள். அந்த அறைகளில் ஒரு தெய்வப் படம்கூட இல்லை. ஆனாலும் புகைப்படத்தில் பார்த்தாலே குரலைத் தாழ்த்திப் பேசத் தோன்றுகிறது.

கடைசியாக உங்கள் கணவர். ஹால் இரண்டு பேருக்கும் பொது. நம்பிக்கை இல்லாதவர் தினமும் உங்கள் நம்பிக்கையின் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. உளவியலாளர் கார்ல் யுங் 1923-இல் சூரிச் ஏரிக்கரையில் போலிங்கன் என்ற இடத்தில் கல்லால் ஒரு கோபுர வீடு கட்டத் தொடங்கினார். பின்னால் அதில் தனக்கென்று மட்டும் ஓர் அறையைச் சேர்த்தார். சாவி எப்போதும் அவரிடம்தான் இருக்கும், அவர் அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அந்த அறைச் சுவர்களில் பல வருடங்களாகத் தன் கையாலேயே ஓவியம் தீட்டினார். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. உங்கள் ஜன்னலும் அப்படி உங்களுடையதாகவே இருக்கட்டும். போட்டோ எடுக்க யாரையும் அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

ஹால் மூலையைக் காலி செய்து, அந்த இடத்தை அவருடைய செடிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் தண்ணீர் ஊற்றி, பழுத்த இலையைக் கிள்ளி எடுக்கும்போது கொஞ்ச நேரம் கூட நில்லுங்கள். அதையும் ஆன்மிகம் என்று பெயர் சூட்டி அவரிடம் விளக்க மட்டும் போகாதீர்கள். அவருக்கு அவை செடிகள், அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்.