58 வயதில் எழுத்தைத் தொட்ட என் அப்பாயி

உங்கள் மாமியாருக்கு 60 வயது, வாழ்நாள் முழுக்க வயல் வேலைதான், இப்போது எழுதப் படிக்க ஆசைப்படுகிறார், வீட்டில் மற்றவர்கள் "இனிமே படிச்சு கலெக்டர் ஆகப்போறாங்களா" என்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கற்றுக்கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். என் அப்பாயி (அப்பாவைப் பெற்றவர்) எழுத்தைத் தொட்டது ஏறத்தாழ 58 வயதில். அதற்குப் பிறகு 30 வருடம் இருந்தார், அந்த 30 வருடமும் அந்த எழுத்து எங்கள் குடும்பத்துக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. அதை நாங்கள் புது ஆறு என்போம். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டிய கால்வாய் அது, அணை 1934இல் திறந்தது. அப்பாயிக்குப் பிறந்த தேதி தெரியாது, "புது ஆறு வெட்டிக்கிட்டு இருந்தப்ப நான் கைப்பிள்ளை" என்பார், அதை வைத்துத்தான் நாங்கள் வயதைக் கணக்குப் போட்டோம். பதினைந்தில் கல்யாணம், ஏழு பிரசவம், தங்கியது ஐந்து பிள்ளைகள். விடியுமுன் மாட்டுக்கொட்டகையைக் கூட்டிப் பால் கறந்து கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு நாற்றுப் பறிக்கப் போனால் உச்சிக்கு வந்து உலை வைத்து மறுபடி களையெடுக்கப் போய் இருட்டித் திரும்புவார். அந்தத் தலைமுறையில் எல்லா வீட்டிலும் இதுதான், அதனால் நீட்டவில்லை.

எழுத்து தெரியாது என்பதால் படிப்பு இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1966இல் திருச்சி வானொலியில் பண்ணை இல்லப் பிரிவு தொடங்கினார்கள். விதை, உரம், பூச்சி மருந்து, பிள்ளை வளர்ப்பு என்று கிராமத்துக்கான நிகழ்ச்சிகள் வரும். ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றி அந்த நாட்களில் வானொலியில் விடாமல் சொன்னதால் சனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். பஞ்சாயத்து ரேடியோ பக்கத்தில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், அப்பாயி குடத்தோடு தெருக்கோடியில் நின்று கேட்டுவிட்டு வந்து ஐயாவிடம் (எங்கள் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எந்த விதை, எத்தனை நாள் நாற்று, எப்போது மேலுரம் என்று வரிசை பிசகாமல் ஒப்பிப்பார். ஆள் கூலி, பால் கணக்கு எல்லாம் அடுப்படிச் சுவரில் கரிக்கோடாக இருக்கும். யாருடைய கோடு எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், வெள்ளையடிக்கிற நாளில் அத்தனையும் மனசுக்குள் போய்விடும்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போனார்கள், பாடமெடுத்த தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் தெருவுக்கு வந்தது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண். தேசிய எழுத்தறிவு இயக்கம் குறிவைத்தது 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களை. அந்தப் பெண் பேர் எழுத வந்தது என் அம்மாவையும் சித்தியையும்தான். அப்பாயி "எம் பேரையும் எழுது ஆத்தா" என்று திண்ணையிலிருந்து இறங்கி வந்தாராம்.

முதல் சில வாரம் ஒன்றுமே ஏறவில்லை. மருமகள்கள் முன்னேறிக்கொண்டே போக, அப்பாயிக்கு மட்டும் நேற்றுப் படித்தது இன்றைக்கு இல்லை. மூளை மழுங்கிவிட்டது என்று தானே சொல்லிக்கொண்டார். கடைசியில் பார்த்தால் கண்! வெள்ளெழுத்து. ஒரு இலவச கண் முகாமில் கண்ணாடி வாங்கிப் போட்ட பிறகுதான் ழகரத்துக்குக் கீழே ஒரு சுழி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வயசானவர்களுக்குப் படிப்பு ஏறாது என்று நாம் முடிவு கட்டுகிற இடத்தில் பல நேரம் ஒரு கண்ணாடிதான் குறைகிறது.

அறிவொளிப் பாடம் அ, ஆ என்று வரிசையாகப் போகவில்லை. பழகிய சொல்லை எடுத்து அதிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டினார்கள். ஆறேழு மாதத்தில் அப்பாயி எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தக் காலத்தில்தான் அறிவொளியோடு சேர்ந்து மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். என் அம்மாவும் கற்றார். லேடீஸ் சைக்கிள் கிடைப்பதே அரிது, ஆண்கள் ஓட்டுகிற சைக்கிள்தான், அதுவே நல்லது என்றார்கள், முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே. "மருமக சைக்கிள் விடறா, மாமியா சிலேட்டு புடிக்கிறா" என்று தெருவில் கிண்டல் வந்தது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரி லாந்தர் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டுப் போய்ப் படுப்பாராம், அவ்வளவுதான்.

இப்போது "என்ன ஆகப்போகிறது" என்ற கேள்விக்கு வருகிறேன். 1996இல் பாகப்பிரிவினை. பத்திரம் எழுதி வந்தது, சித்தப்பா வேகமாக ஒரு தடவை வாசித்தார், எல்லாரும் கையெழுத்துக்குத் தயார். அப்பாயி "கொண்டா இப்படி" என்று வாங்கி உட்கார்ந்தார். "மேற்படி", "சகல பாத்தியங்களும்" என்று பத்திர நடை உங்களுக்குத் தெரியுமே, படித்தவர்களே திணறுவார்கள். மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் விரலை வைத்து வாசித்தார். பெரியவர்கள் சலித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். செக்குபந்தி (நிலத்தின் நான்கு எல்லைகள்) வந்த இடத்தில் விரல் நின்றது. மூன்று மா நிலத்துக்கு வடக்கெல்லை வாய்க்கால் என்று எழுதியிருந்தது, உண்மையில் வாய்க்காலுக்கும் எங்கள் வரப்புக்கும் நடுவில் பங்காளி ஒருவருடைய துண்டு நிலம் இருக்கிறது. நாற்பது வருடம் அந்த வரப்பில் நடந்தவருக்கு அது தெரியும். பத்திரம் எழுதியவருக்கு எப்படித் தெரியும்? எழுத்து மட்டும் தெரிந்த என் சித்தப்பாவுக்கு அது கண்ணில் படவில்லை. எழுத்து தெரியாமல் இருந்திருந்தால் அப்பாயிக்கும் பட்டிருக்காது. அவருடைய காலும் கண்ணும் சேர்ந்து ஒரே இடத்தில் நின்றது அன்றைக்குத்தான். அப்படியே பதிவாகியிருந்தால் பங்காளியோடு எத்தனை வருடம் கோர்ட்டுக்கு அலைந்திருப்போமோ.

அதே உட்காரலில் இன்னொன்றும் கேட்டார், "எம் மக பேரு எங்கே?" தமிழ்நாட்டில் 1989லேயே சொத்தில் பெண் பிள்ளைக்கும் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான என் அத்தைக்கு அது பொருந்தாது என்றார்கள். அப்பாயி வாதாடவில்லை. "சட்டத்துல இல்லேன்னா எம் பங்குலேருந்து ஒரு மா எழுது, எழுதுன பிறவு கையெழுத்துப் போடுறேன்" என்றார். எழுதினார்கள். கைநாட்டு வைத்துவந்தவர் முதல் தடவையாக முழுப்பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டது அந்தப் பத்திரத்தில்தான். இப்போதும் எடுத்துப் பார்ப்பேன், ஒவ்வோர் எழுத்தும் பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருப்பார்.

அப்புறம் எல்லாம் படித்தார். விதை மூட்டையில் தைத்த சீட்டு, மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி, பஸ் போர்டு. பேரப்பிள்ளைகள் யார் வந்தாலும் நேற்றைய தினத்தந்தி கொண்டுவர வேண்டும், வாய்விட்டுத்தான் வாசிப்பார். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் கசந்தபோது, மகரந்தச் சேர்க்கைப் பாடத்தை என்னிடமே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பூசணிக்கு ஆண் பூ எது பெண் பூ எது என்று கொல்லையில் கொண்டுபோய்க் காட்டினார். நான் வேளாண்மை படித்ததற்கு வேறு காரணம் தேடிப்பார்த்தும் கிடைக்கவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல். அப்பாயிக்கு 85 இருக்கும். ஆற்றுத் தண்ணீர் குறைந்து போர்வெல் போட்டு தென்னைக்கு மாறியிருந்தோம், ஒரே ராத்திரியில் தோப்பு படுத்துவிட்டது. எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அப்பாயி டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டு எடுத்தார். எந்த வரிசையில் எத்தனை கன்று, எந்த வருடம் வைத்தது, எது பட்டுப்போனது, எல்லாம் அவர் கைப்பட. கட்டிலில் உட்கார்ந்தபடி வரிசை வரிசையாக எங்களைப் போய்ப் பார்க்கச் சொல்லி, விழுந்ததை மட்டும் சுழித்துக் குறித்துக்கொண்டார். அரசு விழுந்த மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவர்களிடம் அந்த நோட்டைத்தான் நீட்டினோம். ஒரு மரம் விடுபடவில்லை. 2021இல் இறந்துபோனார்.

உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கண் பரிசோதனை. அப்புறம் பிள்ளைகள் படிக்கிற அரிச்சுவடியைக் கொடுக்காதீர்கள், அவமானமாக நினைப்பார். அவர் பேர், ஊர் பேர், ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக் என்று அவருக்கு வேண்டிய காகிதத்திலிருந்தே தொடங்குங்கள். நடவு, அறுப்பு நாட்களில் விட்டுப்போனால் கேட்காதீர்கள், வேலை குறைந்ததும் தானே வருவார். வீட்டில் சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்றால் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இலிருந்து 2027 வரை என்று போட்டது, பள்ளிகளில் தன்னார்வலர்களை வைத்து நடத்துகிறார்கள், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள். முதலில் எதைப் படிக்க ஆசைப்படுகிறார் என்று மாமியாரிடமே கேட்டுக் கீழே எழுதுங்கள், அதற்கேற்ற முதல் இருபது சொற்களை நானே எழுதித் தருகிறேன்.