வாசகர் கேள்வி: ஆர்-ஸ்கொயர் 0.98 வந்தும் ஏன் ஏற்கவில்லை?

கேள்வி: பி.ஏ. பொருளியல் இறுதியாண்டு எக்கனாமெட்ரிக்ஸ் ப்ராஜெக்டில், பண அளிப்பையும் விலைக் குறியீட்டையும் வைத்து ரிக்ரஷன் (ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கணிக்கும் சமன்பாடு) போட்டேன். ஆர்-ஸ்கொயர் (பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.98, டர்பின்-வாட்சன் (ஓர் ஆண்டின் பிழை அடுத்த ஆண்டுக்கும் தொடர்கிறதா என்று காட்டும் எண், 2-ஐ ஒட்டி இருந்தால் நல்லது) 0.3. வழிகாட்டி ஏற்க மறுக்கிறாரே? – வாசகி, திருச்சி

பதில்: அவர் மறுப்பது நியாயம்தான். ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் இரு தொடர்கள், தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படிப் பொருந்திவிடும். டர்பின்-வாட்சனை ஆர்-ஸ்கொயர் மிஞ்சினால் போலி உறவாக இருக்கலாம் என்று கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-லேயே எச்சரித்தார்கள்.

இரண்டையும் லாக் எடுத்து, போக்கையும் சேர்த்து டிக்கி-ஃபுல்லர் சோதனை செய்யுங்கள்; தொடர் தன் போக்கைச் சுற்றியே நிற்கிறதா, அதாவது நிலையானதா என்று இது காட்டும். சோதனை எண் 5% எல்லைக்குக் கீழே போனால்தான் தொடர் நிலையானது; அந்த எல்லை சுமார் −3.41, தரவு 30 ஆண்டுதான் என்றால் இன்னும் கீழே, −3.6-ஐ நெருங்கும். பலர் வழக்கமான டி அட்டவணையைப் பார்த்துச் சறுக்குவது இங்கேதான்.

இரண்டுமே நிலைத்தன்மை அற்றவை என்றால், ரிக்ரஷனின் எச்சங்களை (உண்மை மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்களை) இதேபோல் சோதியுங்கள். இதற்கு எங்கிள்-கிரேஞ்சர் அட்டவணை வேண்டும். மென்பொருள் காட்டும் சாதாரண எல்லை பொருந்தாது. எச்சம் நிலையானதாக இருந்தால் பிழைதிருத்த மாதிரிக்கு (நீண்டகால உறவிலிருந்து விலகியது எப்படித் திரும்புகிறது என்று காட்டும் மாதிரிக்கு) போங்கள். இல்லையென்றால் முதல் வேறுபாடு (முந்தைய ஆண்டிலிருந்து மாறிய அளவு) எடுத்து மறுபடி ஓட்டுங்கள், ஆர்-ஸ்கொயர் 0.2-க்கு இறங்கினாலும் அதையே எழுதுங்கள்.